பழைய டீசல் எஞ்சினில் வீட்டுக்கு கரண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கொட்டகையில் லிஸ்டர் வகை 6/1 எஞ்சின் ஒன்று நிற்கிறது. ஒற்றை சிலிண்டர், 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று. துருவேறிக் கிடந்ததைப் பிரித்துக் கழுவி, தேய்ந்ததை மாற்றி, பெல்ட் போட்டு, கரண்டு தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் ஒன்றைச் சுற்ற வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எஞ்சினைப் பற்றித்தான் எல்லாருக்கும் பயம். என் அனுபவத்தில் எஞ்சின் சுலபமாக வழிக்கு வந்துவிடும். அதற்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற வேகம், லோடு, சுவிட்ச் ஆகிய மூன்றும்தான் படுத்தும்.

6/1 என்றால் என்ன?

முதல் எண் குதிரைத்திறன், இரண்டாவது எண் சிலிண்டர்கள். இங்கிலாந்தின் டர்ஸ்லியில் இருந்த லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டுவந்த சி.எஸ். வரிசை இது. சி.எஸ். என்றால் கோல்டு ஸ்டார்ட். அதற்கு முந்தைய பல எண்ணெய் எஞ்சின்களில் தலைப்பகுதியை விளக்கால் சூடேற்றிய பிறகுதான் ஓட வைக்க முடியும். இதை அப்படியே ஹேண்டில் போட்டுச் சுற்றலாம். முதலில் வந்த 5/1 நிமிடத்துக்கு 600 சுற்று, பின்னால் வந்த 6/1 650 சுற்று. ராஜ்கோட் பட்டறைகளில் இதே அச்சில் வார்த்த எஞ்சின்கள் உலகம் முழுக்கப் போயிருக்கின்றன. ஆகவே உங்கள் கைக்கு வருவது அசலாகவும் இருக்கலாம், நகலாகவும் இருக்கலாம். இரண்டிலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பெயிண்டைப் பார்க்காதீர்கள். எஞ்சின் தண்டில் மாட்டியிருக்கும் கனமான சக்கரத்தை, அதாவது ஃப்ளைவீலை, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். அழுத்தம் ஏறும் இடத்தில் கனத்து நிற்க வேண்டும். கையை விட்டால் பின்னுக்கு உதைத்துத் திரும்ப வேண்டும். உதைக்காமல் "ஸ்ஸ்" என்று காற்று இறங்கினால் காதை வைத்துக் கேளுங்கள். சத்தம் காற்று வடிகட்டிப் பக்கம் வந்தால் இன்லெட் வால்வு, சைலன்சர் பக்கம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாய்ப்பக்கம் வந்தால் பிஸ்டன் ரிங்கும் அது உரசும் சிலிண்டர் லைனரும்.

அடுத்து ஃப்ளைவீலின் நடுப்பகுதி. வீலைத் தண்டோடு பூட்டும் இரும்புச் சாவி அடித்த இடத்திலிருந்து மயிரிழை போல விரிசல் போகிறதா என்று டீசலில் துடைத்துவிட்டுப் பாருங்கள். விரிசல் இருந்தால் எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் அந்த வீலை எடுக்காதீர்கள். சுற்று வேகம் இரண்டு மடங்கானால் விளிம்பைப் பிய்த்துப்போகப் பார்க்கும் விசை நான்கு மடங்காகும். வார்ப்பிரும்பு வளையாது, முன்னெச்சரிக்கையும் தராது, ஒரே அடியாக உடையும்.

சிக்கிப்போன எஞ்சினை எப்படி விடுவிப்பது?

பொறுமையாக. சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு அந்தத் துளை வழியே டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். பிறகு ஃப்ளைவீலை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டிப் பாருங்கள். கடப்பாரையை ஃப்ளைவீலின் ஆரக்கால்களுக்குள் நுழைத்து நெம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிஸ்டன் அசைவதற்குள் ஆரக்கால் உடைந்துவிடும்.

ஓவர்ஹால் செய்யும்போது கட்டாயம் செய்ய வேண்டிய வேலை எது?

நகல் எஞ்சின் என்றால் முதல் வேலை, ஆயில் நிற்கும் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் உட்புறம். வார்ப்பு மணல் அங்கங்கே ஒட்டியிருக்கும். ஆயில் சூடானதும் அது உதிர்ந்து பேரிங்கை அரைத்துவிடும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, டீசலில் கழுவி, ஒரு காந்தத்தால் மூலைமுடுக்கெல்லாம் துழாவி, கடைசியில் வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை கழுவுங்கள்.

இந்த வகை எஞ்சினில் பெரும்பாலும் ஆயில் ஃபில்டர் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டி ஒவ்வொரு சுற்றிலும் ஆயிலில் முங்கி வாரி இறைக்கும், அவ்வளவுதான் லூப்ரிகேஷன். எனவே ஆயிலில் மிதப்பது எல்லாம் பேரிங்குக்கும் போகும். நான் சாதாரண 40 கிரேடு டீசல் எஞ்சின் ஆயில் போட்டு, நூறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன். முதல் ஆயிலை மட்டும் பத்து மணி நேரத்திலேயே கொட்டிவிட்டேன்.

ஹெட்டைத் திரும்பப் போடும்போது பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையிலான இடைவெளியை ஈயக் கம்பி வைத்து அளக்க வேண்டும். கம்பியைப் பிஸ்டன் மேல் வைத்து, ஹெட்டை முறுக்கி, ஒரு சுற்று கையால் சுற்றி, நசுங்கிய கம்பியின் கனத்தை மைக்ரோமீட்டரில் பார்ப்பது. உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ள அளவுக்கு வரும்வரை சிலிண்டருக்கு அடியில் உள்ள ஷிம் கேஸ்கட்டைக் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். "பக்கத்தில் வந்துவிட்டது, போதும்" என்று விட்ட எஞ்சின்தான் ஸ்டார்ட் ஆகாமல் உயிரை வாங்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையே?

பத்தில் ஒன்பது தடவை டீசல் லைனில் காற்று இருக்கும். டாங்கிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பாகத் தளர்த்தி, நுரை போய் தெளிந்த டீசல் வந்ததும் இறுக்கிக்கொண்டே வாருங்கள். அப்புறம் பம்ப்பை லீவரால் கையால் அடித்துப் பாருங்கள். இன்ஜெக்டர் சரியாக வேலை செய்தால் ஒவ்வொரு அடிக்கும் "கிரீக்" என்று ஒரு முனகல் கேட்கும். பழைய கதவுக் கீல் மாதிரி. அந்தச் சத்தம் வந்தால் நாசில் டீசலைப் புகையாகச் சிதறடிக்கிறது என்று அர்த்தம். சத்தமில்லாமல் லீவர் மெத்தென்று இறங்கினால் காற்று இன்னும் இருக்கிறது, அல்லது நாசில் ஒழுகுகிறது.

ஹேண்டில் அடித்துவிடுமா?

அடிக்கும், மரியாதை இல்லாமல் பிடித்தால். கட்டைவிரலும் மற்ற நான்கு விரல்களும் ஹேண்டிலின் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்தால் எதிர் உதையில் அது ஒடியும். வால்வைத் திறந்து பிடித்து அழுத்தம் ஏறாமல் செய்யும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டுச் சுற்றி, நன்றாக வேகம் எடுத்ததும் லீவரைப் போட்டுவிடுங்கள். ஹேண்டில் நுழையும் தண்டு முனை பிசிறு இல்லாமல் வழுவழுப்பாகவும் லேசாக கிரீஸ் போட்டும் இருக்க வேண்டும். ஹேண்டில் கழலாமல் எஞ்சினோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தால் அதைப் பிடிக்கப் போகாதீர்கள். அது சுற்றும் வட்டத்துக்கு வெளியே, பக்கவாட்டில் நின்று டீசலை நிறுத்துங்கள். லுங்கி, துண்டு, தொளதொள சட்டை எதுவும் வேண்டாம்.

650 சுற்றில் எப்படி 50 ஹெர்ட்ஸ் வரும்?

எஞ்சின் 650 சுற்றில் ஓடட்டும், ஆல்டர்னேட்டர் 1500-ல் ஓட வேண்டும். கணக்கு இதுதான்: துருவங்களின் எண்ணிக்கையைச் சுற்று வேகத்தால் பெருக்கி 120-ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ். நான்கு துருவ ஆல்டர்னேட்டர் 1500 சுற்றில் 50 தரும். 60 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் 1800 சுற்று.

என் ஃப்ளைவீல் 600 மி.மீ. விட்டம். அதன் விளிம்பையே புல்லியாக வைத்துக்கொண்டேன். 600-ஐ 650-ஆல் பெருக்கி 1500-ஆல் வகுத்தால் 260 மி.மீ. ஆல்டர்னேட்டரில் அந்த அளவு புல்லி. பெல்ட் கொஞ்சம் வழுக்கும் என்பதால் கடைசிக் கணக்கைப் பேப்பரில் முடிக்காமல் ஹெர்ட்ஸ் மீட்டரில் முடியுங்கள். அதுவும் லோடு போட்டுவிட்டுப் பாருங்கள்.

லோடு ஏறினால் வேகம் குறைகிறதே, கவர்னர் பழுதா?

இல்லை. எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இந்தக் கவர்னர் சுழலும் குண்டுகளும் ஸ்பிரிங்கும் கொண்டது. வேகம் கொஞ்சம் குறைந்தால்தான் அது டீசலைக் கூட்டும். லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ் என்று வைத்தால், வழக்கமான லோடில் 50-க்கு வந்து உட்காரும், முழு லோடில் 49-ஐ ஒட்டிப் போகும். வீட்டு சாமான்கள் இதைத் தாங்கும்.

வேகம் ஏறியும் இறங்கியும் ஊஞ்சலாடினால் அது வேறு. அதற்கு ஹன்டிங் என்று பெயர். முக்கால்வாசி நேரம் காரணம், கவர்னரிலிருந்து பம்ப்புக்குப் போகும் இணைப்புகள் எங்கோ இறுகுவது, அல்லது பின்கள் தேய்ந்து லொடலொடப்பது. ஸ்பிரிங்கை இழுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

கட்டுப்பாடு இல்லாமல் வேகம் ஏறினால் என்ன செய்வது?

இதற்கு ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே பதில் தயாராக இருக்க வேண்டும். எனக்கு முதல் நாளே நடந்தது. எஞ்சின் பளபளப்பாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் பம்ப்பின் மேலும் பெயிண்ட் அடித்திருந்தேன். பம்ப் எவ்வளவு டீசல் தள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் நகரும் கம்பியான ஃப்யூவல் ராக் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் பெயிண்ட் புகுந்து காய்ந்து, ராக் முழு டீசல் நிலையில் ஒட்டிக்கொண்டது. ஸ்டார்ட் ஆனது. "டுக்... டுக்... டுக்" என்று நிதானமாகத் தொடங்கி, மூச்சு விடுவதற்குள் "டுகுடுகுடுகு" என்று மாறியது. தரை அதிர்ந்தது. காற்று வாயை மூட ஒரு பிளைவுட் பலகையை முன்பே அறுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன். பலகை வாயில் போய் அறைந்து ஒட்டியது, இரண்டு மூன்று வினாடியில் எஞ்சின் முக்கி அடங்கியது.

பலகைதான் வேண்டும். துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். கையை வைக்கவே கூடாது. டீசலை மட்டும் நிறுத்தினால் போதாதா என்று கேட்பார்கள். ராக் ஒட்டியதுதான் காரணம் என்றால் போதும், ஆனால் பைப்பில் இருக்கும் டீசல் தீரும்வரை ஓடும். ரிங் தேய்ந்து கிராங்க் கேஸ் ஆயிலையே எரித்துக்கொண்டு ஓடினால் டீசலை நிறுத்தி ஒரு பயனும் இல்லை. காற்றை அடைப்பது இரண்டுக்கும் மருந்து. இப்போதும் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ராக் தாராளமாக நகர்கிறதா என்று விரலால் தள்ளிப் பார்க்கிறேன்.

எவ்வளவு லோடு தாங்கும்?

6 குதிரைத்திறன் என்றால் 4.5 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. பெல்ட் கொஞ்சம் தின்னும், ஆல்டர்னேட்டர் அதைவிடக் கொஞ்சம் அதிகம் தின்னும். மிஞ்சுவது 3.5 கிலோவாட். தொடர்ந்து ஓட்ட 2.5 முதல் 3 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் உள்ள சாமான்கள் தொடங்கும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். கனமான ஃப்ளைவீல் அந்த நொடியில் எஞ்சினுக்குத் தோள் கொடுக்கும். ஆனால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் சரிவதை அதனால் தடுக்க முடியாது. தண்ணீர் மோட்டாரை முதலில் போட்டுவிட்டு, அது ஓடத் தொடங்கிய பின் மற்றவற்றைப் போடுங்கள்.

பல்பு மினுக்மினுக் என்கிறதே?

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். 650 சுற்றில் நிமிடத்துக்கு 325 வெடிப்பு, வினாடிக்கு ஐந்தரையை ஒட்டி. ஒவ்வொரு வெடிப்புக்கும் வேகம் துளி ஏறி இறங்கும், கண்ணுக்கு அது தெரிந்துவிடும். இந்தத் தொந்தரவு லிஸ்டர்காரர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஸ்டார்ட்-ஓ-மேட்டிக் என்று வீட்டு விளக்குகளுக்கென்றே அவர்கள் செய்த செட்டில் கூடுதல் கனமான ஃப்ளைவீல் போட்டார்கள். முதல் விளக்கைப் போட்டால் அதுவே ஸ்டார்ட் ஆகும், கடைசி விளக்கை அணைத்தால் அதுவே நிற்கும். இன்று சுலபமான வழி, உள்ளே நல்ல டிரைவர் உள்ள எல்.இ.டி. விளக்குகளுக்கு மாறுவது. பழைய குண்டு பல்பில் மினுக்கல் நன்றாகத் தெரியும்.

கம்ப்யூட்டர், யு.பி.எஸ். எல்லாம் ஓடுமா?

கம்ப்யூட்டர் ஓடும். சில யு.பி.எஸ். மட்டும் அலை வடிவமோ ஹெர்ட்ஸோ பிடிக்காமல் பேட்டரியிலேயே நிற்கும். மலிவான ஆல்டர்னேட்டர்களில் வரும் அலை, பாடப்புத்தகத்தில் போட்டிருப்பது போல வழவழப்பாக இருக்காது. ஏ.வி.ஆர். என்ற தானியங்கி வோல்டேஜ் ரெகுலேட்டர் உள்ளதாக வாங்கினால் வோல்டேஜாவது நிலையாக இருக்கும்.

லிட்டருக்கு எத்தனை யூனிட்?

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் அளவுக்குச் சக்தி அடங்கியிருக்கிறது. நல்ல லோடில் அதில் கால்வாசி, அதாவது இரண்டரை யூனிட் வீட்டுக்கு வரும். மிச்சம் தண்ணீரிலும் புகையிலும் போகிறது. என் எஞ்சின் இரண்டரை கிலோவாட் லோடில் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது. நான்கு விளக்கும் இரண்டு ஃபேனும் மட்டும் போட்டுவிட்டு ஓட்டினால் லிட்டருக்கு ஒரு யூனிட் கூடத் தேறாது. தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவே அதற்கு டீசல் வேண்டுமே.

அதனால்தான் நாள் முழுக்க ஓட்டாதீர்கள் என்கிறேன். தண்ணீர் ஏற்றுவது, துணி துவைப்பது, பேட்டரி சார்ஜ் செய்வது எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் நன்றாக உழைக்க வைத்துவிட்டு நிறுத்துங்கள். மிச்ச நேரத்துக்கு விளக்கையும் ஃபேனையும் பேட்டரி இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும். எஞ்சினுக்கும் அதுதான் நல்லது. லோடு இல்லாமல் குளிர்ந்தே ஓடும் டீசல் எஞ்சினில் எண்ணெய் முழுதாக எரியாமல் சைலன்சர் வாயில் கறுப்புக் கசடாக வழியும், ரிங் ஒட்டும், நாசிலில் கரி கட்டும்.

சமையல் எண்ணெயில் ஓடுமாமே?

ஓடும். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் கடலை எண்ணெயிலேயே ஓடிக் காட்டியது. ஆனால் தாவர எண்ணெய் டீசலைவிட மிகக் கெட்டியானது. சூடாக்கி இளக்கி, நன்றாக வடிகட்டி, தண்ணீர் துளியும் இல்லாமல் செய்து, அதுவும் டீசலில் ஸ்டார்ட் செய்து டீசலிலேயே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் பம்ப்புக்குள் பசையாக உறையும். நான் ஒரு மாதம் செய்து பார்த்தேன். எண்ணெய் வடிகட்டும் நேரத்தில் இன்னொரு எஞ்சினையே பிரித்துப் போட்டிருக்கலாம்.

ரேடியேட்டர் வேண்டுமா?

வேண்டாம். எஞ்சினைவிட உயரத்தில் 200 லிட்டர் பீப்பாய் ஒன்று போதும். சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், பம்ப்பே தேவையில்லை. மேல் குழாய் வழி நெடுக ஏறுமுகமாக இருக்க வேண்டும், அது பீப்பாய்க்குள் நுழையும் இடம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு தெர்மோஸ்டாட் போட்டு 85 டிகிரிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். "தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருக்கிறது" என்று பெருமைப்படுகிறவரின் எஞ்சின்தான் முதலில் தேயும்.

வீட்டு வயரிங்கோடு எப்படி இணைப்பது?

வீட்டை ஒரு நேரத்தில் வெளி மின்சாரத்தோடு அல்லது ஜெனரேட்டரோடு மட்டுமே இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வழியாக மட்டும். இதில் சமாதானமே கிடையாது. இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த ஒரு வயரால் ஏதோ ஒரு சாக்கெட்டில் செருகி வீடு முழுக்க கரண்டு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மெயினை அணைக்க ஒரு நாள் மறந்தால் போதும்: உங்கள் 230 வோல்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்பக்கமாக நுழைந்து பல ஆயிரம் வோல்ட்டாக ஏறிப் போகும். கரண்டு இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஆள் செத்துப்போவார். போதாக்குறைக்கு, பிடுங்கிய பிளக்கின் ஆண் முனை உங்கள் கையிலேயே உயிரோடு இருக்கும்.

ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் இரட்டைத் துருவ சுவிட்சாகப் போடுங்கள். அப்படிப் பிரித்த பிறகு ஜெனரேட்டர் பக்கம் நியூட்ரலை எர்த்தோடு ஒரே இடத்தில் இணைத்து, தனி எர்த் ராடும் அடிக்க வேண்டும். அந்த இணைப்பு இல்லாவிட்டால் ஷாக் அடிக்கும்போது ட்ரிப் ஆக வேண்டிய ஆர்.சி.சி.பி. (கரண்டு எர்த்துக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். இந்த ஒரு வேலையை மட்டும் உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். நானும் விட்டேன்.

ஆறு மாதம் சும்மா இருந்த ஆல்டர்னேட்டரில் வோல்டேஜே வரவில்லை. எரிந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. உள்ளே மிஞ்சியிருந்த காந்தம் போயிருக்கும். பிரஷ் வகையாக இருந்தால் முதலில் கார்பன் பிரஷ்ஷையும் ஸ்லிப் ரிங்கையும் சுத்தம் செய்யுங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி வைத்து, ஏ.வி.ஆர். இருந்தால் அதன் இணைப்பைப் பிரித்துவிட்டு, 12 வோல்ட் பேட்டரியை பிளஸ் மைனஸ் பார்த்து காந்தத்தை உண்டாக்கும் ஃபீல்டு சுருளில் சில வினாடி தொட்டு எடுத்தால் காந்தம் திரும்ப ஏறும்.

சத்தத்துக்கும் புகைக்கும் என்ன வழி?

எஞ்சின் 300 கிலோவுக்கு மேல். அதைவிடப் பல மடங்கு கனமான கான்கிரீட் மேடை போட்டால் அதிர்வு பாதி அடங்கும். புகைக் குழாயில் எஞ்சினை ஒட்டி ஒரு வளையும் துண்டு வையுங்கள், இல்லையென்றால் அதிர்வில் ஃப்ளேஞ்ச் வெடிக்கும். நான் புகையைக் கருங்கல் ஜல்லி நிரப்பிய ஒரு குழிக்குள் விட்டு அதிலிருந்து உயரக் குழாய் எடுத்தேன். வெளியே இப்போது மெல்லிய தும்மல் மாதிரிதான் கேட்கிறது. குழியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு வழி வேண்டும்.

புகையை வீட்டுக்குள் வரவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு பெட்ரோலைவிடக் குறைவு என்று சொல்வது உண்மைதான், ஆனால் இல்லாமல் இல்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் முதல் பிரிவிலேயே சேர்த்துவிட்டது.

நிறுத்துவது எப்படி?

லோடை எல்லாம் எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா ஓட விடுங்கள். பிறகு ராக்கை நிறுத்தும் பக்கம் தள்ளிப் பிடியுங்கள். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி நிறுத்தும் பழக்கம் வேண்டாம், வால்வுக்கு ஆகாது. ஃப்ளைவீல் தன் பாட்டுக்கு ஒரு நிமிடம் சுற்றி அடங்கும். பெல்ட் போட்டிருந்தாலும் அவசரப்பட்டுக் கையால் பிடிக்க வேண்டாம். நின்ற பிறகு, அழுத்தம் கனக்கும் இடம் வரை மெதுவாகச் சுற்றி, உதைத்துத் திரும்பும் புள்ளிக்குச் சற்று முன்னால் விட்டுவிடுங்கள். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. அந்த இடத்துக்கு நேராக என் ஃப்ளைவீலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். புகைக் குழாயின் வாயில் ஒரு காலி தகர டப்பாவைக் கவிழ்த்துவிடுகிறேன். அதை எடுக்க மறந்து ஸ்டார்ட் பண்ணினால் டப்பா கூரைக்குப் பறக்கும், இரண்டு முறை பறந்திருக்கிறது.